பனையின் மரபணுவைத் திருத்துமுன் பனையை அறிவோம்

ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு என எத்தீவில் கால்வைத்தாலும் கண்ணிற்படுவது பனங்கூடல். குடிநீருக்கே அல்லலுறும் தீவகத்தில், எவரும் நீரூற்றாமலே நுங்கும் ஒடியலும் பனாட்டும் கூரையும் வேலியும் தந்த மரம் அது. போர்க்காலத்தில் காவலரண்களுக்காக வடக்கில் பெருந்தொகைப் பனைகள் வெட்டப்பட்டன. 1990 இல் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். தீவகத் தமிழர் பலரும் இடம்பெயர்ந்தனர். மீண்டு வந்தோர் இன்று பனம்விதை நடுகின்றனர். எத்தகைய பனையை நடுகிறோம் என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

பனையில் ஆண் வேறு, பெண் வேறு. நுங்கும் பழமும் பெண்பனையே தரும். ஆனால் வடலி பூக்கும்வரை அதன் பாலை அறிய இயலாது. பூக்கவோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். நெல்லில் ஆண்டுக்கு இரு தலைமுறைகளைக் காணும் ஆய்வாளர், பனையில் தம் பணிக்காலம் முழுவதிலும் இரண்டு தலைமுறைகளைக் காண்பதே அரிது. மரங்களின் மரபணுவை நேரடியாகத் திருத்தும் முறை உலகின் கவனத்தை ஈர்த்திருப்பது இதனாலேயே.

எமது பாடநூல்கள் பரம்பரையலகு எனக் குறிப்பிடும் மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டும் கத்தரியே கிறிஸ்பர். இதனை உருவாக்கிய இமானுவேல் சார்ப்பெந்தியேவும் ஜெனிபர் டவுட்னாவும் 2020 இல் நோபல் பரிசு பெற்றனர். வழிகாட்டும் ஆர்.என்.ஏ. ஒன்று இடத்தைக் காட்ட, காஸ் 9 என்னும் புரதம் வெட்டுகிறது. வெட்டைக் கலமே பொருத்திக்கொள்ளும்போது சிறு மாற்றம் நிலைபெறுகிறது. வேற்றுயிரின் மரபணுவைப் புகுத்தி நிலைபெறச் செய்யும் பழைய முறையிலிருந்து இது வேறானது.

எனினும் ஒரு சிக்கல் உண்டு. வழமையாகக் கத்தரிக்குரிய மரபணுவையும் தாவரத்தினுள் செலுத்துகின்றனர். நெல்லில் அடுத்த தலைமுறையிலேயே கலப்புச் செய்து அதனை நீக்கிவிடலாம். மரத்தில் அதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கலப்பினால் தாய்மரத்தின் நற்குணங்களும் சிதறிப்போகும். ஆகவே மரபணுவைச் செலுத்தாமல், ஆக்கப்பட்ட புரதத்தையும் ஆர்.என்.ஏ.யையும் நேரே கலத்தினுள் விடுகின்றனர். வேலை முடிந்ததும் அவை சிதைந்துவிடும். திருத்தம் மட்டுமே எஞ்சும். அயல் மரபணு எஞ்சாது.

பனையைப் போலவே ஆண், பெண் பிரிவுடைய பொப்ளர் இனமரத்தில் ஜேர்மனியின் தூனென் நிறுவக ஆய்வாளர் உள்ளிட்ட குழுவினர் 2020 இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். ஒரேயொரு மரபணுவைச் செயலிழக்கச் செய்ததும் பெண்மரம் ஆண்பூப் பூத்தது. அம்மரத்தை விரைவில் பூக்கச்செய்ய வேற்று மரபணு பயன்பட்டமையால், அது அயல் மரபணு அற்ற மரமன்று. ஆயினும் மரத்தின் பால் ஒரே விசையில் தங்கியிருக்கலாம் என்பதை அது நிறுவியது. பேரீச்சையின் பாலை நிர்ணயிக்கும் மரபணுக்களைக் கட்டாரிலுள்ள ஆய்வாளர் 2018 இல் இனங்காட்டினர். பேரீச்சைக் கன்றின் பாலை டி.என்.ஏ. சோதனையால் பூக்குமுன்பே இன்று அறியலாம்.

பனையும் அதே தாலக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆயின் உடனடியாகப் பனையைத் திருத்திவிடலாமா? முடியாது. திருத்திய ஒற்றைக் கலத்திலிருந்து முழுமரத்தை வளர்த்தெடுக்க வேண்டும். கிளையற்று ஒற்றைக் குருத்துடன் வளரும் பனையில் பதியமோ ஒட்டோ வைக்க வழியில்லை. இழைய வளர்ப்பும் எளிதன்று. கதவே திறவாத வீட்டினுள் கத்தரியைக் கொண்டுசெல்வது எங்ஙனம்?

அதற்கு முன்னரே செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. மரபணுவைத் திருத்தாமல் வாசிப்பதே அது. நம்பத்தகுந்த பால் சோதனை தோட்டக்காரரின் கைக்கு எட்டுமாயின், ஒரு குழியில் இரண்டு மூன்று விதைகளை இட்டு, முதல் ஓலையிலேயே சோதித்து, வேண்டியதை நிறுத்தலாம். மகரந்தத்திற்கு ஆண்பனையும் வேண்டும் என்பதால் எத்தனை ஆண், எத்தனை பெண் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். உப்புக் காற்றையும் வறட்சியையும் தாங்கி நன்கு காய்க்கும் தாய்ப்பனைகளைத் தீவுதோறும் இனங்கண்டு பதிவுசெய்தல் இதன் மறுபாதி. பின்னாளில் எதைத் திருத்துவது என்பதைச் சொல்லப்போவதும் அப்பதிவேடே.

சட்டமும் ஆயத்தமாக வேண்டும். இந்தியா 2022 இல் அயல் மரபணு அற்ற திருத்தப் பயிர்கள் சிலவற்றுக்கு உயிரியற் பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தியது. 2025 இல் இரு நெல்லினங்களை அறிவித்தது. இலங்கை 2004 இல் கார்ட்டஜீனா உடன்படிக்கையை ஏற்றது. ஆனால் நெல்லுக்குரிய அளவுகோல் பனைக்குப் போதாது. தவறான நெல்லை மறுபோகத்தில் கைவிடலாம். தவறான பனையோ தலைமுறைகளுக்கு நின்று, தன் மகரந்தத்தை அயலிலும் பரப்பும்.

1978 இல் தோன்றிய பனை அபிவிருத்திச் சபையும், கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவகமும், யாழ். பல்கலைக்கழகமும் இப்பணியில் இணைதல் வேண்டும். புதிய அறிவியலை அஞ்சி ஒதுக்குவதும் கண்மூடி ஏற்பதும் ஒருங்கே தவறாகும். இன்று நடும் விதையின் பயனைப் பெறப்போவோர் எமது பிள்ளைகள். அவர்களுக்காக எதை நடுகிறோம் என்பதை அறிந்தே நடுவோம்.