உமியும் வைக்கோலும்



உழவர் உழைப்பின் பயன் நெல் என்போம். அந்நெல்லோடு கூடவே விளைவன வேறு இரண்டு உண்டு. ஒன்று வைக்கோல், மற்றையது உமி. இவ்விரண்டையும் கழிவென ஒதுக்குவது நம்மிற் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்கு வயலிலேயே தீ வைப்போரும் உளர். அத்தீயில் நாம் இழப்பது யாது என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

ஒரு தொன் வைக்கோலிலே ஏறத்தாழ 5 முதல் 8 கிலோகிராம் வரை நைதரசனும், 12 முதல் 17 கிலோகிராம் வரை பொற்றாசியமும் உண்டு. தீ மூட்டியதும் நைதரசன் அநேகமாக முழுவதும் புகையோடு போய்விடுகிறது. பொற்றாசியம் சாம்பலில் எஞ்சினும், காற்றும் மழையும் அதில் ஒரு பங்கை அள்ளிச் செல்கின்றன. 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு விளைச்சல் குன்றியதை நாம் மறக்கவில்லை. 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றதையும் மறக்கவில்லை. வைக்கோலால் அவ்விடர் முழுவதும் நீங்கியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், உரமும் எரிபொருளும் ஒருங்கே அருகிய வேளையில், இரண்டையும் ஓரளவு தரவல்ல பொருள் நம் காலடியிற் கிடந்தது.

முதலில் உமியை எடுத்துக்கொள்வோம். 100 கிலோகிராம் நெல்லைக் குற்றினால் சுமார் 20 கிலோகிராம் உமி கிடைக்கும். மூன்று கிலோகிராம் உமியின் வெப்பம் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எண்ணெயின் வெப்பத்துக்கு ஈடாகும். நெல் அவிக்கும் ஆலைகள் உமியையே அடுப்புக்கு இடுவது இதனாலேதான். எரிந்தபின் எஞ்சும் சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்கா. அளவான வெப்பத்தில் எரித்த சாம்பலைச் சீமெந்தில் ஒரு பங்காகக் கலக்கலாம். காற்றுக் குறைவாகக் கருக்கினால் உமிக்கரி பெறலாம். நம் முன்னோர் பல் விளக்கிய அக்கரி, நாற்றுமேடை மண்ணில் ஈரத்தைப் பேணவும் உதவும்.

அவ்வாறாயின் வைக்கோலையும் அதே அடுப்பில் இடலாமே என்று நீங்கள் கேட்கலாம். வைக்கோலிலுள்ள பொற்றாசியம் சாம்பலை எளிதில் உருகச் செய்யும். உருகிய சாம்பல் உலையின் சுவரிலே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஆதலின் வைக்கோலுக்கு வேறு வழியே பொருத்தமானது.

1776ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் அலெசாந்திரோ வோல்ற்றா, மச்சோரே ஏரியின் சேற்றைக் கிளறி, மேலெழுந்த வாயுவைச் சேகரித்தார். அது தீப்பற்றி எரிந்தது. இன்று மெதேன் எனப்படுவது அவ்வாயுவே. காற்றுப் புகாத இடத்திலே நுண்ணுயிர்கள் தாவரப் பொருளைச் சிதைக்கும்போது அது பிறக்கிறது. அந்நுண்ணுயிர்கள் செழிக்க, நைதரசன் ஒரு பங்குக்குக் காபன் 20 முதல் 30 பங்கு வரை இருத்தல் நலம். வைக்கோலிலோ காபன் இதனினும் மிக அதிகம். மாட்டுச் சாணத்தைச் சேர்த்தால் நைதரசனும் நுண்ணுயிரும் ஒருங்கே வந்து சேரும். சாணங் கலந்த வைக்கோலைத் தொட்டியில் நிரப்பி மூடிவைக்கும் முறையை ஏக்கலையிலுள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் நம் நாட்டிலே உருவாக்கியது. இவ்விதம் பெறும் வாயுவின் ஒரு கன மீற்றர், அரை இலீற்றருக்குச் சற்று மேற்பட்ட மண்ணெண்ணெய்க்கு நிகரான வெப்பந் தரும்.

இங்கே கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. வெளியேறும் வாயுவிற் பெரும்பாலும் மெதேனும் காபனீரொட்சைட்டுமே உள்ளன. நைதரசனும் பொற்றாசியமும் தொட்டியின் அடியிலுள்ள எருவிலேயே தங்கிவிடுகின்றன. வயல் தந்த உரத்தை வயலுக்கே மீட்டுக் கொடுத்து, இடையில் ஓர் அடுப்பையும் எரிக்கலாம். வயலில் வைக்கும் தீயோ உரத்தையும் அழிக்கிறது. உலையையும் கொதிக்க வைப்பதில்லை.

இதில் இடர்கள் இல்லாமலில்லை. அறுவடை இயந்திரம் சிதறிய வைக்கோலைத் திரட்டுவது கடினம். தொட்டியை நிரப்புவதும் ஒழிப்பதும் உழைப்பு வேண்டும் வேலைகள். வாயு கசிந்தால் தீ விபத்து நேரும்; காற்றோட்டமில்லாத குழியினுள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. மேலும், ஒரு வீட்டில் மாடிருக்கும், வைக்கோலிராது. மற்றொரு வீட்டில் வைக்கோலிருக்கும், மாடிராது. ஆகவே அயலவர் சிலர் கூடி, பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் ஒரு தொட்டி அமைப்பதே அறிவுடைமை. கமக்காரர் அமைப்புகள் இதனை மேற்கொள்ளலாம். பாடசாலைகளும் தம் தோட்டத்திலே சிறு தொட்டியொன்று அமைத்து மாணவர்க்குக் காட்டலாம்.

அடுத்த போகம் அறுத்து முடிந்ததும், தீப்பெட்டியை எடுக்குமுன் அந்த வைக்கோலின் பெறுமதியைக் கணக்கிட்டுப் பாருங்கள். மாட்டுக்குத் தீனியாக, தொட்டிக்கு உணவாக, வயலுக்கு எருவாக அதற்கு மூன்று வழிகள் உண்டு. அம்மூன்றும் அடைபட்ட பின்னன்றோ தீயை நினைத்தல் வேண்டும்!