பியானோ வாத்தியார்

திருவள்ளூர் ரயில் நிலையத்தை அடுத்த எங்கள் மணவாள நகரில் சாயங்கால வேளைகளில் ஒரு புதிய நாதம் கேட்கத் தொடங்கியிருக்கிறது. முன்பெல்லாம் ஏதாவது ஒரு வீட்டில் சரளி வரிசை கேட்கும். இப்போது அத்துடன் போட்டியிட்டு, மின்சாரக் கீபோர்டில் பாக் என்ற ஜெர்மானியரின் சிறு பாடமொன்றை ஏதோ ஒரு குழந்தை தட்டித் தடுமாறி வாசிக்கிறது. அண்டை வீட்டு நண்பர் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் வந்து, "ஸார், பெண் பியானோ படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். அதைப் படித்தால் நம்முடைய சங்கீதம் கெட்டுப் போகாதா?" என்று கேட்டார்.

அவருக்கு நான் நேராக விடை சொல்லவில்லை. மயிலாப்பூர் வாத்தியார் ஒருவரின் கதையைத்தான் சொன்னேன்.

அந்த வாத்தியாரின் பெயர் தன்ராஜ் மாஸ்டர். மயிலாப்பூரில் சாயி லாட்ஜ் என்ற விடுதியின் ஓர் அறையே அவருடைய பாடசாலை. கல்லூரியின் தூண்களோ, மண்டபமோ, பெயர்ப் பலகையின் பகட்டோ அங்கே கிடையா. ஆனால் மேல்நாட்டுச் சங்கீதத்தை அடிப்படையிலிருந்து முறையாகக் கற்க விரும்பிய இளைஞர்கள் அந்த அறையைத் தேடிக்கொண்டு போனார்கள்.

1968-ஆம் ஆண்டில் அப்படிப் போனவர்களில் ஒருவர், மதுரைச் சீமையில் பண்ணைப்புரம் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்திருந்த வாலிபர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. தமையனார் பாவலர் வரதராஜனின் குழுவில் ஊர் ஊராகச் சென்று வாசித்தவர். காதால் கேட்டதைக் கையால் வாசிக்கும் சாமர்த்தியம் நிரம்ப உடையவர். ராசய்யா என்ற அவருடைய பெயரை 'ராஜா' என்று சுருக்கி அழைத்தவர் தன்ராஜ் மாஸ்டர்தான். 1976-இல் 'அன்னக்கிளி' படம் வெளிவந்தபோது, அந்தப் பெயருக்கு முன்னால் 'இளைய' என்ற அடைமொழியைப் பஞ்சு அருணாசலம் சேர்த்தார். அதற்கப்புறம் நடந்தது தமிழ்நாடு முழுவதும் அறிந்த விஷயம்.

வாத்தியார் பெயரைச் சுருக்கினார். ஆனால் பாடத்தைச் சுருக்கவில்லை. அவர் கண்டிப்பானவர் என்பதைச் சீடர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இருபத்தைந்து வயதில், கையில் ஏற்கெனவே வித்தை உள்ள ஒருவன், ஐந்து கோடுகளின் மேல் புள்ளி வைத்து எழுதும் சுரக்குறிப்பை அரிச்சுவடிபோல் முதலிலிருந்து கற்பதென்றால் அது சாமானியமான காரியமல்ல. நானும் வாத்தியார் தொழில் செய்கிறவன். முற்றும் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுப்பதைக் காட்டிலும் பாதி தெரிந்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பது கடினம் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

அந்தக் கஷ்டத்துக்குத் தக்க பலன் என்ன? நமது சங்கீதத்தில் ஒரே ராகம் ஒரு நதியைப் போல் ஓடுகிறது. மேல்நாட்டு முறையிலோ, இரண்டு மூன்று மெட்டுக்கள் ஏக காலத்தில் தனித்தனியே நடந்தும் ஒன்றோடொன்று இசைந்து போக வேண்டும். அதற்கென்று ஒரு சாஸ்திரம் உண்டு. 'கவுண்டர்பாயிண்ட்' என்று அதற்குப் பெயர். தன்ராஜ் மாஸ்டரிடம் இளையராஜா கற்றவற்றில் இதுவும் ஒன்று. சினிமாப் பாட்டு ஒலிப்பதிவில் வயலின், செல்லோ, புல்லாங்குழல் முதலிய வாத்தியக்காரர்கள் பலரும் ஒருங்கே அமர்ந்து வாசித்த காலம் அது. ஒருவர் தவறினால் எல்லோரும் மீண்டும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். ஒவ்வொருவர் வாசிக்க வேண்டியதையும் காகிதத்தில் எழுதிக் கொடுக்கத் தெரிந்தவனுக்கு அங்கே எவ்வளவு பலம் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவ்வித்தை அதோடு நின்றுவிடவில்லை. லண்டன் டிரினிடி கல்லூரியின் பரீட்சையில் இளையராஜா கிதார் வாத்தியத்துக்குத் தங்கப் பதக்கம் பெற்றார். 1986-இல் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணமாக 'ஹவ் டு நேம் இட்' என்ற வாத்திய இசைத் தொகுப்பை வெளியிட்டார். 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவைக் கொண்டு தம்முடைய சிம்பொனியை அரங்கேற்றினார். 2009-இல் இரண்டு ஆஸ்கார் விருதுகள் பெற்ற ஏ. ஆர். ரஹ்மானும் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்றவரே. சீடர்களின் பெயர் பல தேசங்களிலும் பரவியது. குருவின் பெயரையோ, சீடர்கள் சொல்லித்தான் ஜனங்கள் அறிந்தார்கள்.

இனி, நண்பரின் சந்தேகத்துக்கு வருவோம். பியானோவில் கமகம் பேசாது என்பது உண்மை. அதில் வெள்ளைக் கட்டைகள் 52, கறுப்புக் கட்டைகள் 36, ஆக 88. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சுத்தியல். அது தந்தியைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல அதில் வழியே கிடையாது. இதே குறையைச் சொல்லித்தான் 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. அந்தத் தடை முப்பது ஆண்டுகள் நீடித்தது.

ஆனால் வயலினைப் பாருங்கள். அதுவும் கப்பலேறி வந்த வாத்தியமே. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் சகோதரர் பாலுஸ்வாமி தீக்ஷிதர் அதைக் கற்று நமது கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். முத்துஸ்வாமி தீக்ஷிதரும் மேல்நாட்டு மெட்டுக்களைக் கேட்டு, அவற்றுக்கு ஸம்ஸ்கிருதத்தில் ஸாஹித்யம் இயற்றினார். அவரைவிடவா நமக்கு சங்கீத அபிமானம் அதிகம்? அந்நியரிடம் அடிமைப்படுவது வேறு; அவர்களுடைய வித்தையைக் கற்று நமதாக்கிக்கொள்வது வேறு. பண்ணைப்புரத்து மெட்டு, பாக்கின் சாஸ்திரம் படித்த பிறகும் பண்ணைப்புரத்து மெட்டாகவே இருந்தது. அந்தக் கிராமிய மணம் குன்றவில்லை என்பதற்கு 'அன்னக்கிளி'யே சாட்சி.

எனக்கு உள்ள பயம் வேறு. முதல் கிரேடிலிருந்து எட்டாவது கிரேடு வரை பரீட்சைகள் வரிசையாக நிற்கின்றன. வருஷம் ஒன்றுக்கு மூன்று பாட்டை மட்டும் நெட்டுருப் போட்டு, ஸர்ட்டிபிகேட்டைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிவிட்டு, நான்காவது பாட்டைத் தானாகப் படித்து வாசிக்கத் தெரியாமல் நிற்கும் குழந்தைகள் உண்டு. அந்தத் தோல்விக்குக் குழந்தையையோ பியானோவையோ குறை கூறிப் பயனில்லை.

ஆகையால் நண்பரிடம், "பெண்ணுக்குப் பியானோ வாங்குவதற்கு முன் வாத்தியாரைத் தேடுங்கள். அறை சிறியதா பெரியதா என்று பார்க்காதீர்கள். சுரக்குறிப்பை நிதானமாகச் சொல்லிக் கொடுக்கிறாரா, தவறினால் திரும்ப வாசிக்கச் சொல்கிறாரா என்று மட்டும் பாருங்கள்" என்றேன். அவர் சற்று யோசித்து, "அப்படிப்பட்டவர் சென்னையில்தான் இருப்பார் போலிருக்கிறது. மின்சார ரயிலில் போய் வர வேண்டுமே!" என்றார்.

"போய் வாருங்கள். பண்ணைப்புரத்திலிருந்து மயிலாப்பூர் இதைவிடத் தூரம்" என்றேன்.