வீங்காத காலில் இருக்கும் புழு

யானைக்கால் நோயாளியைப் பார்த்ததும், அவர் இரத்தம் முழுவதும் புழுக்கள் நிறைந்திருக்கும் என்றுதான் நமக்கு எண்ணத் தோன்றும். ஆனால், நள்ளிரவில் அவர் விரலில் ஊசி குத்தி ஒரு துளி இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு நுண்புழுகூடத் தென்படாது. அதே தெருவில் எந்தக் குறையும் இல்லாமல் நடமாடும் ஒருவருடைய இரத்தத்தில் அவை நெளிந்துகொண்டிருக்கலாம்!

இப்புழுவின் பெயர் வுச்சரேரியா பாங்கிராஃப்டி. கியூலெக்ஸ் கொசு கடிக்கும்போது உடலுக்குள் நுழையும் இளம்புழு, நிணநீர் நாளங்களில் தங்கி வளர்கிறது. பெண்புழு நூல்போல மெலிந்து, 8 முதல் 10 செ.மீ. நீளம் இருக்கும். ஆறேழு ஆண்டுகள் வாழ்ந்து இலட்சக்கணக்கான நுண்புழுக்களை ஈனும்.

சிறு முள் தைத்தாலே சீழ் கட்டி வெளியே தள்ளப் பார்க்கும் நம் உடல், விரல் நீளப் புழுவை இத்தனை ஆண்டுகள் விட்டுவைப்பது ஏன்?

சென்னையிலிருந்த காசநோய் ஆராய்ச்சி மையத்தினரும் அமெரிக்க அறிவியலாரும் 1990-களில் இதை ஆராய்ந்தார்கள். நுண்புழு உள்ளவர்களின் வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, அவற்றுடன் யானைக்கால் புழு வகையின் புரதங்களைச் சேர்த்தார்கள். அணுக்கள் அசையவில்லை என்றே சொல்லலாம். காசநோய்க் கிருமியின் புரதத்தைச் சேர்த்ததும் அவையே வழக்கம்போலப் பெருகின! அப்படியானால் எதிர்ப்பாற்றல் குன்றிவிடவில்லை. இந்த ஒரு பகைவனிடம் மட்டும் அடங்கிக் கிடக்கிறது. அடக்குபவற்றுள் முக்கியமானது இன்டர்லூக்கின்-10. இதைச் சுரப்பதும் நம் வெள்ளணுக்களே. இதை முறிக்கும் எதிர்ப்பொருளைச் சேர்த்தபோது அணுக்கள் ஓரளவு விழித்துக்கொண்டன.

இந்த அடக்கத்தால் புழுவுக்கு மட்டும்தான் இலாபமா? இல்லை. கால் வீங்கியவர்களின் வெள்ளணுக்கள் அதே புரதத்தைக் கண்டால் துள்ளி எழுகின்றன. அந்தப் போரின் அழற்சியில் நிணநீர் நாளங்கள் சேதமடைகின்றன. தேங்கிய நீரோடு பாக்டீரியாக்களும் சேர்ந்துகொள்ள, கால் பருக்கிறது. நுரையீரலிலும் இத்தகைய போர் நடப்பதுண்டு. நம் வீடுகளில் எந்த இருமலையும் ‘ஈஸ்னோபீலியா’ என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையான வெப்பமண்டல ஈஸ்னோபீலியா, நுண்புழுக்கள் மீது உடல் தொடுக்கும் மிதமிஞ்சிய தாக்குதல். இரவில் இருமலும் இழுப்புமாக நோயாளி வதைபடுவார். இரத்தத்திலோ புழு அகப்படாது.

இந்தியாவில் 2004 முதல் இந்நோய் பரவிய மாவட்டங்களில் ஆண்டுதோறும் எல்லாருக்கும் டி.இ.சி. மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். “எனக்குத்தான் கால் வீங்கவில்லையே, மாத்திரை எதற்கு?” என்று மறுத்தவர்கள் பலர். கொசுவுக்கு வேண்டிய நுண்புழு அப்படிச் சொல்பவர் இரத்தத்தில்தான் பெரிதும் இருக்கிறது. மாத்திரை அதை அழிக்கிறது. சிகிச்சைக்குப் பின் சிலருடைய வெள்ளணுக்கள் மறுபடி எதிர்க்கத் தொடங்கியதையும் ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள்.