யாப்புக் கணிப்பில் படிநிலைச் சார்பு

செய்யுள் உறுப்புக்களை எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என ஆறாக வகுத்துரைப்பது யாப்பருங்கலக்காரிகை. எழுத்தால் அசையும், அசையால் சீரும், சீர் இரண்டின் கூட்டத்தால் தளையும் பிறத்தலின், யாப்பாய்வைக் கணிப்பொறி நிரலாக அமைக்கப் புகுவார்க்கு இவ்வரிசையே வழிகாட்டியாகும். ஒவ்வொரு நிலையும் தனக்கு முன்னைய நிலை தந்த விடையைப் பெற்றுத் தன் விடையைக் கணித்தல் வேண்டும். ஆயினும் பின்னிலை முன்னிலையைத் திருத்தும் இடங்களும் உள. அவற்றைக் கருதாது அமைத்த நிரல் செவ்விய பாடலை வழுவுடையதெனக் காட்டும். அதனை நம்பிப் பாடந் தேரும் மாணாக்கர் நல்ல பாடத்தை விலக்கவும் கூடும். ஆதலின் அவ்விடங்களை ஈண்டு ஆராய்வோம்.

1. எழுத்து நிலை

ஒருங்குறி முறையில் ‘கொ’ என்னும் ஓரெழுத்து, மெய்யின் குறியும் உயிரின் குறியுமாகப் பிரிந்தே சேமிக்கப்படுகின்றது. அவ்வுயிர்க்குறிதானும் ஒன்றாகவோ இரு கூறாகவோ வருதல் உண்டு. ஆகவே குறிகளை எண்ணுதல் எழுத்தை எண்ணுதல் ஆகாது. முதற்கண் அவற்றைத் தமிழெழுத்தாகத் தொகுத்துக் குறில், நெடில், ஒற்று எனப் பகுத்தல் வேண்டும். குற்றியலுகரம், குற்றியலிகரம், ஐகாரக்குறுக்கம், அளபெடை ஆகியவற்றிற்குத் தனி அடையாளம் இடுதலும் இந்நிலைக்கே உரியது. பழஞ்சுவடிகளில் புள்ளியும், எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடும் பெரும்பாலும் காட்டப்படாமையின், ‘கொடு’ எனவும் ‘கோடு’ எனவும் படிக்கத்தகும் இடங்கள் எழும். முன்னது நிரையசை ஒன்று. பின்னது நேரசை இரண்டு. இத்தகைய இடத்து இரு பாடத்தையும் அடுத்த நிலைக்கு அனுப்புதலே தக்கது.

2. அசையும் சீரும்

குறிலும் நெடிலும் தனித்தும் ஒற்றடுத்தும் வரின் நேர். குறிலிணையும் குறில்நெடிலும் தனித்தும் ஒற்றடுத்தும் வரின் நிரை. ஓரசைச்சீர் 2, ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16 எனச் சீர் 30 ஆகும். இவற்றைக் கணித்தல் எளிது. எனினும் எந்நூல் வழி அசை கொள்வது என்பதை முன்னரே கூறியமைத்தல் இன்றியமையாதது. ‘நாடு’ என்பது காரிகை நெறியில் நேர்நேர் ஆகித் தேமா எனப்படும். நேர்பு, நிரைபு என்னும் அசைகளையும் கொள்ளும் தொல்காப்பிய நெறியில் அதுவே நேர்பசை ஒன்றாகும். விதித்தொகுதி மாறின் அதன்மேல் எழுந்த விடைகள் யாவும் மாறும்.

3. தளையும் மீள்நோக்கும்

வெண்பாவில் மா முன் நிரையும், விளம் முன் நேரும், காய் முன் நேரும் வருதல் வேண்டும். ‘எழுதுவது யாது’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். யகரம் வரக் குற்றியலுகரம் இகரமாகத் திரிந்து, ‘எழுதுவ தியாது’ எனச் சீர் பிரியின், முதற்சீர் கருவிளம், இரண்டாவது புளிமா. விளம் முன் நிரை வந்து நிரையொன்றாசிரியத் தளை ஆதலின் வெண்டளை பிழைக்கின்றது. தளை கெடும் இடத்துக் குற்றியலிகரத்தை அலகு பெறாததாகக் கொள்ளலாம் என்பது யாப்பு நூலார் கொள்கை. அவ்வாறு கொள்ளின் இரண்டாஞ்சீர் தேமா ஆகி, விளம் முன் நேர் அமைந்து, வெண்டளை நிரம்பும்.

ஈண்டு நிகழ்ந்தது கருதத்தக்கது. தளை நிலையில் கண்ட குறை எழுத்து நிலைக்குச் சென்று அலகைத் திருத்திற்று. மேலும், புணர்ச்சியின்றி ‘எழுதுவது’ என்பதையே ஒரு சீராகக் கொள்ளின் கருவிளங்காயும் தேமாவும் ஆகிக் காய் முன் நேர் வந்து, அலகு நீக்காமலே தளை அமைகின்றது. எனவே ஒரு தொடர்க்கு ஏற்புடைய வழிகள் ஒன்றின் மேற்பட்டன என்பது பெறப்படும். நிரல் முதலிற் கண்டதைக் கொண்டு நின்றுவிடாது, ஏற்ற வழிகள் அனைத்தையும், ஒவ்வொன்றும் எச்சலுகையால் அமைந்தது என்னும் குறிப்புடன் தருதல் வேண்டும். அலகு பெறாமைக்குரிய எழுத்துக்கள் வரையறைப்பட்டன ஆதலின், இம்மீள்நோக்கு முடிவின்றிச் செல்லாது.

4. மறுகணிப்பின் எல்லை

ஒரு விடை திருந்தினால் அனைத்தையும் மீளக் கணிக்க வேண்டுவதில்லை. மேற்கூறிய தொடரில் புளிமா தேமா ஆயினும் இரண்டும் மாச்சீரே. ஆகவே அடுத்த சீரொடு கூடும் தளை மாறாது. முந்தைய தளை ஒன்றே மாறும். அடியெதுகையோ அடிகளின் முதற்சீர் எழுத்துக்களைச் சார்ந்தது. அடியின் இடையில் நிகழும் தளைத் திருத்தம் அதனைத் தாக்காது. எனவே எவ்வுறுப்பு எதனைச் சார்ந்தது என முதலில் வரைந்துகொண்டு, திருத்தம் தொட்ட உறுப்புக்களை மட்டும் புதுக்குதல் முறையாகும்.

5. முடிபு

ஒவ்வொரு நிலையின் விடையும், அதற்குக் காரணமான விதியும், கொண்ட பாடமும் ஒருங்கே பதியப்படின், ‘தளை தட்டுகின்றது’ என்னும் முடிபு எங்கிருந்து எழுந்தது என ஆய்வாளர் பின்னோக்கிக் காணலாம். அது பாடலின் வழுவோ, ஏட்டின் வழுவோ, பதிப்பாசிரியர் சீர் பிரித்த வழுவோ என்பதைத் துணிதற்குப் பொருளும் மரபும் பிற ஏடுகளும் துணையாக வேண்டும். அத்துணிபு புலவர்க்கே உரியது. மூலத்தின் ஓரெழுத்தையும் தானே மாற்றாது, ஐயத்திற்குரிய இடங்களைத் திரட்டித் தரும் அளவில் நிரல் அமையுமாயின், பதிப்புப் பணிக்கு அது பெருந்துணையாகும்.