பிள்ளையின் கையில் எவ்வளவு காசு?

காலை 7 மணி. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை வீடுகளில் பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படும் நேரம். "உம்மா, காசு!" என்ற குரல் கேட்காத வீடு குறைவு. கையில் இருந்தால் கொடுக்கிறோம். இல்லாவிட்டால் ஏசி அனுப்புகிறோம். இரண்டிலும் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை.

வயலோடு வாழ்ந்த காலத்தில் இந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. பெரும்போக அறுவடை முடிந்தால் வீட்டில் நெல் இருக்கும். பிள்ளைகள் கை நிறையக் காசு கண்டது பெருநாளில்தான். அயல் தமிழ் வீடுகளில் சித்திரைப் புத்தாண்டுக் கைவிசேடத்தில். யுத்தத்தாலும் 2004 டிசம்பர் 26 சுனாமியாலும் இடம்பெயர்ந்த பின் பல குடும்பங்கள் நாட்கூலியை நம்ப வேண்டியதாயிற்று. அரிசியும் கடையில்தான். 'எல்லாவற்றையும் இழந்த பிள்ளை, கேட்டதையாவது கொடுப்போம்' என்ற இரக்கம் நமக்குள் உண்டு. அது கடன் கொப்பியில் போய் முடியக் கூடாது.

அப்படியானால் எவ்வளவு கொடுப்பது? பக்கத்து வீட்டைப் பார்க்க வேண்டாம். நிறைய வேலை கிடைத்த வாரத்தையும் பார்க்க வேண்டாம். வேலை மிகக் குறைந்த வாரத்திலும் எவ்வளவு கொடுக்க முடியுமோ, அதுவே சரியான தொகை. எப்போதாவது வரும் 500 ரூபாவை விட, வாரந்தோறும் தவறாமல் வரும் 100 ரூபா பிள்ளைக்குப் பெரிது. வரும் என்று தெரிந்தால்தான் பிள்ளை திட்டமிடும். வாரம் 50 ரூபா மிச்சம் பிடித்தால், 600 ரூபாப் பொருளொன்றை 12 வாரத்தில் தானே வாங்கிவிடும்.

இன்னும் சிலவற்றைக் கவனிப்போம். இடைவேளைச் சாப்பாடு வேறு, கைக்காசு வேறு. சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக் கொடுப்போம். தண்ணீர் அள்ளுவதற்கும் தம்பியைப் பார்ப்பதற்கும் கூலி பேச வேண்டாம். அது குடும்பத்தில் எல்லோருடைய பங்கு. ஒரே வயதென்றால் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒரே அளவு. வாங்கியது வீண் என்று தெரிந்தாலும் ஏச வேண்டாம். அடுத்த வாரம் வரை வெறுங்கையோடு இருப்பதே பாடம். இடையில் மேலதிகமாகக் கொடுத்தால் அந்தப் பாடம் கெட்டுவிடும்.

மிச்சத்தை உண்டியலில் போடலாம். பிள்ளையின் பெயரில் தேசிய சேமிப்பு வங்கியில் கணக்கும் திறக்கலாம். வட்டி வேண்டாம் என்போருக்கு வீட்டு உண்டியலே போதும்.

குறைக்க வேண்டிய காலமும் வரும். 2022 செப்டெம்பரில், நாட்டில் உணவுப் பொருட்களின் விலை ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைவிட ஏறக்குறைய இரு மடங்காயிற்று. அப்படியான நாளில் பிள்ளையை அருகில் இருத்தி, வந்த கூலி இவ்வளவு, அரிசிக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் காட்டுவோம். "இல்லை" என்று ஏசினால் பிள்ளை தன்னை வேண்டாதவன் என்று நினைக்கும். கணக்கைக் காட்டினால், தானும் இந்த வீட்டில் ஓர் ஆள் என்று உணரும்.

காணியை இழந்த நாம் பிள்ளைக்குக் காணி எழுதிக் கொடுக்க முடியாமற் போகலாம். காசைக் கையாளத் தெரிந்த பிள்ளையாக வளர்க்க நம்மால் முடியும். வருகிற வாரமே தொடங்குவோம்.