எஜமானர் எழுதித் தர வேண்டிய ஒரு வரி

ஐந்து வருஷத்துச் சம்பளச் சீட்டுகளை மாதவாரியாக அடுக்கி, எந்தப் பன்னிரண்டு மாத காலத்திலும் 180 நாளுக்கு மேல் பிரிட்டனை விட்டு நீங்கியிருந்ததில்லை என்பதற்குப் பயணக் கணக்கையும் எழுதி, 24 வினாக்கள் கொண்ட ‘லைஃப் இன் தி யு.கே.’ பரீட்சையிலும் தேறி, அங்கே நிரந்தரமாக வாசம் செய்யும் உரிமைக்கு (ஆங்கிலச் சுருக்கத்தில் ‘ஐ.எல்.ஆர்.’) விண்ணப்பிக்க உட்காரும் வெளிநாட்டு ஊழியருக்கு, தம்முடைய பிரயாசையால் மாத்திரம் சம்பாதிக்க முடியாத ஒன்று பாக்கி நிற்கிறது. ‘இவர் இனியும் எங்களுக்குத் தேவை, விதிகள் கோரும் சம்பளத்தைத் தொடர்ந்து கொடுத்து வருவோம்’ என்று, அவரை ஸ்பான்சர் செய்த, அதாவது வேலைக்கு அமர்த்தி அவர் விசாவுக்குப் பொறுப்பேற்ற, நிறுவனம் உறுதி கூற வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற செவிலியரும் கணினிப் பொறியாளரும் ‘ஐ.எல்.ஆர். லெட்டர்’ என்று தங்களுக்குள் கவலையோடு பேசிக்கொள்வது இதைத்தான்.

இத்தகைய ஊழியர்களுக்கான ‘ஸ்கில்டு ஒர்க்கர்’ விசா 2020 டிசம்பர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன் 2008 முதல் ‘டியர் 2’ என்ற ஏற்பாடு இருந்தது. நிரந்தர வாச உரிமைக்குக் காத்திருக்க வேண்டிய காலமோ, முன்னர் நான்கு வருஷமாயிருந்து, 2006 ஏப்ரலில் ஐந்தாயிற்று. ஐந்து வருஷமும் ஒரே இடத்தில் உழைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆயினும் விண்ணப்பம் தீர்மானிக்கப்படும் நாளில் அவரை வைத்திருக்கும் நிறுவனத்தின் வாக்கே பிரமாணம். அந்த நிறுவனம் தன் குற்றத்தினால் ஸ்பான்சர் லைசென்ஸை இழந்துவிட்டாலோ, யாதொரு பாவமும் அறியாத ஊழியரின் விண்ணப்பமும் கூடவே ஆட்டங்காண்கிறது.

இக்கடிதத்தைக் குறித்து எஜமானர்களுக்கு இருக்கும் தயக்கத்தில் பெரும்பகுதி தவறான எண்ணத்திலிருந்து பிறப்பது. ஆயுள் முழுவதும் வேலை தருவதாக வாக்குக் கொடுத்து அகப்பட்டுக்கொள்வோமோ என்று அஞ்சி, கோப்பை மேஜைக்கு மேஜை அனுப்பி நாளைக் கடத்துகிறார்கள். விதி கேட்பது அதுவன்று. கண்ணுக்கெட்டிய காலம் வரையில் இவரை வைத்துக்கொள்ளும் உத்தேசம் இன்று உண்டா என்பதற்கு உண்மையான விடையையே அது கேட்கிறது. நாளைக்கு வியாபாரம் நொடித்தால் என்ன செய்வது என்ற பயத்துக்கு இங்கே இடமில்லை.

மற்றொரு தயக்கம் வெளிப்படையாகப் பேசப்படாதது. நிரந்தர வாச உரிமை பெற்றவருக்கு ஸ்பான்சர் தேவையில்லை. விரும்பிய இடத்தில் வேலை பார்க்கலாம். சாதாரணமாக ஒரு வருஷம் கழித்துப் பிரஜா உரிமைக்கும் விண்ணப்பிக்கலாம். ஆகவே கையெழுத்திடும் எஜமானர், ஊழியரைத் தம்மோடு பிணைத்திருந்த கட்டைத் தாமே அவிழ்த்துவிடுகிறார். கட்டு அவிழும் வரையில் ஊழியர் படும் சங்கடமோ சொல்லி முடியாது. வேலை போனால் பெரும்பாலும் 60 நாட்களுக்குள் வேறொரு ஸ்பான்சரைத் தேட வேண்டும். இல்லையேல் பள்ளியில் படிக்கும் குழந்தைகளோடு ஊர் திரும்ப வேண்டும். இதை எண்ணியே, நியாயமான சம்பள உயர்வைக் கேட்க வேண்டியவர் கேளாதிருக்கிறார். மறுத்திருக்க வேண்டிய இரவு வேலைகளையும் வாய் திறவாமல் ஏற்கிறார். 2025 மே மாதம் வெளியான பிரிட்டிஷ் அரசின் வெள்ளை அறிக்கை ஐந்து வருஷத்தைப் பத்தாக்க யோசனை கூறியது. காத்திருக்கும் காலம் நீண்டால் இந்த மௌனமும் நீளும்.

ஆதலால், கடிதத்தை அனுக்கிரகமாகக் கருதும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். ஊழியர் சில மாதங்கள் முன்னதாகவே எழுத்து மூலம் கேட்டு வைப்பது நலம். ஐந்து வருஷம் நிறைவதற்கு 28 நாள் முன்னரே விண்ணப்பிக்க இடமுண்டு. கேட்ட ஒரு வாரத்துக்குள் எழுதித் தருவதை நிறுவனம், மாதச் சம்பளத்தைப் போல, கடமையாகவே கொள்ளல் வேண்டும். இத்தனை வருஷம் அவர் செலுத்திய வரிக் கணக்கு சர்க்காரிடமே இருக்கிறது. அவர் பார்த்த வேலை எஜமானரின் கண்ணெதிரே இருக்கிறது. கண்டதைக் கண்டபடி ஒரு வரியில் எழுதிக் கையெழுத்திட அரைமணி நேரம் போதும். அந்த அரைமணிக்காகத்தான் ஒரு குடும்பம் மாதக்கணக்கில் தூக்கமின்றிக் காத்திருக்கிறது.