ரத்தத்தில் பொட்டாசியம் 4 என்றால் குறைவா?

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் சோடியம் 140, பொட்டாசியம் 4 என்று இருக்கிறதா? கவலை வேண்டாம், இரண்டும் சரியான அளவுகளே. பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பொட்டாசியம் வேறிடத்தில் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் ஏறக்குறைய 42 லிட்டர் தண்ணீர். அதில் 28 லிட்டர் செல்களுக்கு உள்ளே. வெளியே உள்ள 14 லிட்டரில் பெரும்பகுதி செல்களின் இடுக்குகளிலும், சுமார் 3 லிட்டர் பிளாஸ்மாவாகவும் (ரத்தத்தின் நீர்ப்பகுதி) இருக்கிறது. சோடியம் வெளியே மிகுதி. பொட்டாசியத்தில் நூற்றுக்கு 98 பங்கு செல்லுக்குள்.

இப்படிப் பிரித்து வைப்பது எது? செல்லின் சவ்வில் ஒரு பம்பு உண்டு. மூன்று சோடியம் அயனிகளை (மின்னேற்றம் கொண்ட துகள்கள்) வெளியே தள்ளும்போதெல்லாம் இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கோ 1957-ல் இதைப் பற்றி எழுதினார். 1997-ல் நோபல் பரிசு பெற்றார்.

செல்லுக்கு வெளியே இருக்கும் அந்தக் கொஞ்சப் பொட்டாசியம் கூடினால் என்ன? அதுதான் ஆபத்து. 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடம் புரளலாம். மிகையை வெளியேற்றுவது சிறுநீரகம். அது பழுதானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பொட்டாசியம் மிகுந்த இளநீரைக் குடிக்கக் கூடாது. 'சோடியம் குறைந்த உப்பு' வாங்குகிறீர்களா? பெரும்பாலும் அதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரக நோயாளிகளுக்கும், சில ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் அது ஆகாது.

உடம்பு நன்றாக இருக்க, அறிக்கையில் மட்டும் பொட்டாசியம் கூடுதலா? ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளிருந்தது வெளியே கொட்டியிருக்கலாம். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். தயங்காமல் கொடுங்கள், உண்மையிலேயே கூடியிருந்தால் காத்திருக்க நேரமில்லை.

சரி, இந்த மூன்று இடங்களில் புரதம் எங்கே இருக்கிறது? செல்லுக்குள் ஏராளம், பிளாஸ்மாவிலும் நிறைய, இடுக்குகளில் சொற்பம். பிளாஸ்மாவில் முக்கியமானது அல்புமின் (கல்லீரல் தயாரிக்கும் புரதம்). உருவில் பெரியது என்பதால் ரத்தக் குழாயின் சுவரை எளிதில் தாண்டாது. தண்ணீரையும் தன்னோடு பிடித்து வைக்கும். 100 மில்லிக்கு 3.5 முதல் 5 கிராம் இருக்க வேண்டும். மிகவும் குறைந்தால் தண்ணீர் இடுக்குகளுக்குக் கசிந்து கால் வீங்கும்.

முட்டை சாப்பிட்டால் சரியாகிவிடாதா? கல்லீரல் தயாரிக்காமலோ, சிறுநீரகம் ஒழுகவிட்டோ குறைந்திருந்தால் முட்டை மட்டும் போதாது. முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டை விரலால் அழுத்துங்கள். குழி விழுந்து உடனே நிரம்பாவிட்டால், சிறுநீரும் நுரைத்துப் போனால், நாள் கடத்தாமல் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பரிசோதித்துவிடுங்கள்.